மீனுக்கும் பறவைக்கும் ஒரே கேமரா போதுமா?

கேள்வி: கடலில் மூழ்கி மீன்களையும் பவளப்பாறைகளையும் படம் எடுக்க ஆசை. காட்டுப் பக்கம் போனால் பறவை, பட்டாம்பூச்சிகளையும் எடுப்பேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிஜிட்டல் கேமரா வாங்கலாமா? எத்தனை மெகாபிக்சல் இருக்க வேண்டும்?

பதில்: மெகாபிக்சலை விடுங்கள், 12 இருந்தாலே தாராளம். எவ்வளவு ஆழம் இறங்குவீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் கேமராவின் மேல் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு (கரையில் காற்று நம்மை அழுத்தும் அளவு) கூடுகிறது. ஸ்நார்க்கெல் என்ற மூச்சுவிடும் குழாயை மாட்டிக்கொண்டு மேலாக நீந்துபவருக்கு ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போன்ற நீர்புகாக் கேமரா போதும். அது 15 மீட்டர் வரை அப்படியே தாங்கும். காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபா கற்று அதற்கும் கீழே போவதாக இருந்தால் ஹவுஸிங் என்ற கெட்டிக் கூடு கட்டாயம். ஒரு மாடலுக்குச் செய்த கூடு இன்னொன்றுக்குப் பொருந்தாது. விலையும் சில நேரம் கேமராவையே மிஞ்சிவிடும். அதனால் கூடு கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேமராவைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது நிறம். தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். 5 மீட்டரிலேயே சிவப்பு வெளுத்துவிடும், 10 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் நீலமும் பச்சையும்தான். ஆகவே ரா கோப்பாக (நிறத்தைப் பிறகு கணினியில் திருத்த இடம் தரும் மூலக் கோப்பு) பதியும் வசதியும், வொயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது) நாமே அமைக்கும் வசதியும் இல்லாத கேமராவை வாங்காதீர்கள். கேமராவோடு ஒட்டியிருக்கும் ஃபிளாஷை நம்பினால், நீரில் மிதக்கும் துகள்களெல்லாம் பளிச்சிட்டுப் படம் முழுக்கப் பனி கொட்டியது போலிருக்கும். கை போல நீட்டி, லென்ஸிலிருந்து தள்ளிப் பொருத்தும் ஸ்ட்ரோப் என்ற தனி ஃபிளாஷ் விளக்கே சரி. ஜூமும் உள்ளே அவ்வளவாக உதவாது. இடையில் தண்ணீர் கூடக்கூடப் படம் மங்கும் என்பதால், ஒரு மீட்டருக்குள் நெருங்கித்தான் எடுக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். பறவை உங்களை அவ்வளவு நெருங்க விடுமா? அதற்குக் குறைந்தது 400 மி.மீ. லென்ஸ் வேண்டும் (இந்த எண் கூடக்கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்). டிஜி-7இன் எட்டம் 100 மி.மீ.க்கு நிகரானதுதான், கிளையில் ஒரு புள்ளி தெரியும், அது மீன்கொத்தி என்று நீங்கள் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும்! ஆனால் பட்டாம்பூச்சிக்கு அதே கேமரா அருமை. லென்ஸிலிருந்து 1 செ.மீ. தொலைவில் இருப்பதைக்கூடத் தெளிவாக எடுக்கும்.

என்னைக் கேட்டால், நீருக்கு ஒரு நீர்புகாக் கேமரா, பறவைக்கு சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 (24–600 மி.மீ.) மாதிரி நீள ஜூம் கேமரா என இரண்டாகப் பிரிப்பேன். ஒன்றுதான் முடியும் என்றால் முதலாவதை வாங்குங்கள். பறவைக் கேமராவைத் தண்ணீரில் இறக்க முடியாது, ஆனால் நீர்புகாக் கேமராவைக் காட்டுக்குக் கொண்டுபோகலாம்.

அப்புறம், பராமரிப்பு. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலும் நீர் கசியும். நான் ஒரு கேமராவை அப்படித்தான் இழந்தேன். புதுக் கூட்டுக்குள் முதல் தடவை கேமராவை வைக்காமல் டிஷ்யூ காகிதத்தை மட்டும் போட்டு மூழ்கடித்துப் பாருங்கள். காகிதம் காய்ந்தே வந்தால் கேமராவை வைக்கலாம். கடலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்த பிறகே மூடியைத் திறங்கள்.