எம்.பி. பேசிய வீடியோவைப் பகிர்ந்தால் வழக்கு வருமா?

கேள்வி: மக்களவையில் எம்.பி. ஒருவர் எதிர்க்கட்சிப் பிரமுகரை ‘ஊழல்வாதி’ என்று சாடிய வீடியோ துண்டை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இப்போது ஒருவர் போன் செய்து, “உங்கள் மேல் அவதூறு வழக்கு வருகிறது, எஃப்.ஐ.ஆர். விழாமல் நான் பேசி முடிக்கிறேன்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், அந்த ஆளுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவதூறுக்கு (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 356) போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். இல்லாத எஃப்.ஐ.ஆரைத் தடுக்கிறேன் என்று பணம் கறக்கும் தரகர்களை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். வக்கீல் நோட்டீஸ் எழுத்தில் வந்தால் வக்கீலைப் பாருங்கள்.

அதற்காக நீங்கள் செய்தது சரி என்று ஆகிவிடாது. அவைக்குள் பேசியதற்காக எம்.பி. மேல் எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. அரசியல் சாசனத்தின் 105-ஆவது பிரிவு தரும் கவசம் அது. கட்சிகள் எதிராளிமேல் கடுமையான குற்றச்சாட்டை அவைக்குள் வைத்துச் சொல்வது இதனால்தான். அதே எம்.பி. வெளியே வந்து, வாசலில் மைக் நீட்டும் நிருபர்களிடம் அதே வார்த்தையைச் சொன்னால் கவசம் கிடையாது. அதே நாள், அதே வாக்கியம் என்றாலும் கிடையாது. ஆகவே வீடியோவை நன்றாகப் பாருங்கள். மக்களவையின் பச்சை இருக்கைகள் தெரிகின்றனவா, டிவி மைக்குகள் தெரிகின்றனவா? பல யூடியூப் சேனல்கள் இரண்டையும் ஒட்டி, கொட்டை எழுத்தில் தலைப்பும் போட்டுவிடுகின்றன. அந்தத் தலைப்புக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இன்னொன்று, அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பேச்சு. ஒருவர்மேல் குற்றம் சாட்டுவதென்றால் சபாநாயகருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது மக்களவை விதி 353. தெரிவிக்காமலே பேசுகிறார்கள். அப்புறம் விதி 380-இன் கீழ் சபாநாயகர் நீக்குகிறார். அதற்குள் நேரலையில் ஊரே கேட்டு முடித்திருக்கும்! நீக்கியதை வெளியிடுவது அவையின் உரிமையை மீறியதாக ஆகலாம் என்று 1958-லேயே சர்ச்லைட் பத்திரிகை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவை நடவடிக்கையை உள்ளபடி வெளியிடப் பாதுகாப்புத் தரும் அரசியல் சாசனத்தின் 361ஏ பிரிவோ செய்தித்தாளையும் ஒலிபரப்பையும்தான் பேசுகிறது. சாதாரண ஆளின் செல்போனைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. கோடிக்கணக்கானோர் தினமும் வீடியோ பகிரும் காலத்திலும் இதைத் தெளிவாக்க யாருக்கும் அவசரம் இல்லை என்பது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது.

துண்டை இன்றே அழித்துவிடுங்கள். மக்களவை இணையதளத்தில் அன்றைய விவாதப் பதிவைத் தேடிப் பாருங்கள். அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் இருந்தால் பேச்சு நீக்கப்பட்டுவிட்டது, மறுபடி பகிராதீர்கள். நீக்கப்படவில்லை என்றால், வெட்டாத முழு உரையை, உங்கள் கருத்து ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் போடுங்கள்.