கடல்நீர்த் தொட்டிக்கு நாமே கட்டும் ஸ்கிம்மர்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை நீரில் கரைந்த கழிவை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரைக் கையாலேயே செய்வதைப் பற்றிக் கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

என்னிடம் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு கோமாளி மீன்களும் சில மென்பவளங்களும் வளர்க்கிறேன். கடையில் விற்கும் ஸ்கிம்மர் என் கைக்கு எட்டும் விலையில் இல்லை. பி.வி.சி. குழாயை வைத்து நானே கட்டலாமா? எந்த அளவில் கட்டுவது?
– வாசகர், பாயான் பாரு

தாராளமாகக் கட்டலாம். ஆனால் குழாயை அறுப்பதற்கு முன், அதற்குள் என்ன நடக்க வேண்டும் என்பது மனத்தில் தெளிவாகிவிட வேண்டும். பருப்பு வேகும்போது மேலே திரளும் நுரையை நம் வீடுகளில் கரண்டியால் வழித்து எடுத்துவிடுவார்கள். பருப்பிலிருந்து நீரில் இறங்கிய புரதமும் வேறு சில பொருள்களும் காற்றுக்குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால்தான் அந்த நுரை சட்டென்று உடையாமல் நிற்கிறது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் கடல்நீரில் கரையும் பொருள்கள் பலவற்றுக்கும் இதே இயல்பு உண்டு. அவற்றின் மூலக்கூறில் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரிலிருந்து விலகப் பார்க்கும். விலகப் பார்க்கும் முனைக்குக் காற்று கிடைத்தால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அவை அழுகி அம்மோனியாவாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாறுவதற்கு முன்பே நுரையோடு சேர்த்து வெளியே தள்ளிவிடுவதுதான் ஸ்கிம்மரின் வேலை.

ஆகவே, குமிழி எவ்வளவு சிறியது, அது நீரோடு எவ்வளவு நேரம் கலந்திருக்கிறது, திரண்ட நுரை எவ்வளவு அமைதியாக மேலே ஏறுகிறது என்ற மூன்றையும் பொறுத்தே ஸ்கிம்மரின் திறன் அமையும். பம்பு எவ்வளவு பெரியது என்பதைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேட்டால் போதும்.

உங்கள் தொட்டிக்கு, நீர் மேலிருந்து கீழிறங்க, குமிழி கீழிருந்து மேலேறும் பழைய எதிரோட்ட முறையையே நான் சொல்வேன். அதற்குக் கடைசல் வேலையோ விலை உயர்ந்த பம்போ தேவையில்லை. 100 மி.மீ. வெள்ளை யு.பி.வி.சி. குழாயில் 90 செ.மீ. நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் ஏறக்குறைய 10 செ.மீ. என்றால் குறுக்குப் பரப்பு 78.5 சதுர செ.மீ.; அதில் 80 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் உள்ளே 6.3 லிட்டர் இருக்கும். நீர் ஒரு நிமிடமாவது உள்ளே தங்கட்டும் என்று கணக்கு வைத்தால், மணிக்கு 380 லிட்டருக்கு மேல் விடக் கூடாது. அது உங்கள் தொட்டியின் நீரை ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு முறை சுற்றிவரச் செய்யும்; அதுவே போதும். இந்தக் கணக்கில் நீர் நொடிக்கு 1.3 செ.மீ. வேகத்தில்தான் இறங்கும். மேலேறும் குமிழியின் வேகம் இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், குமிழிகள் அடிவழியே தப்பித் தொட்டிக்குள் போய்விடா. ‘இன்னும் கொஞ்சம் வேகமாக விட்டால் இன்னும் சுத்தமாகும்’ என்று நினைத்துப் பெரிய பம்பை மாட்டுபவர்கள், இந்த ஒரு நிமிடத்தைத்தான் இழக்கிறார்கள்.

குழாயின் அடியை மூடியால் அடைத்து, அதற்குச் சற்று மேலே நீர் வெளியேறும் துளையை வையுங்கள். காற்றைச் சிறு குமிழிகளாகப் பிரித்துவிடும் ஏர்ஸ்டோன் அந்தத் துளைக்கு மேலே இருக்க வேண்டும். வெளியேறும் குழாயை உடற்குழாயின் பக்கவாட்டிலேயே மேலே கொண்டுபோய், நீர்மட்டம் நிற்க வேண்டிய உயரம் வரை ஏற்றி, பிறகு தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள். இந்த வழியில் ஒரு கேட் வால்வு இருந்தால் நீர்மட்டத்தை அரை சென்டிமீட்டர் துல்லியத்துக்குக் கூட்டவும் குறைக்கவும் முடியும். பந்து வால்வு மலிவுதான். ஆனால் கைபட்டாலே மட்டம் தாவிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

காற்றுக்கு, லைம்வுட் என்னும் மரத்துண்டால் செய்த ஏர்ஸ்டோன்தான் ஏற்றது. அதிலிருந்து வரும் குமிழிகள் மாவு தூவியது போல நீரை வெண்மையாக்கும். சில வாரங்களில் அது அடைத்துக்கொள்ளும், மாற்றிவிட வேண்டும். காற்றுப் பம்பை வாங்கும்போது, 80 செ.மீ. ஆழத்தில் காற்றை விட அதற்கு வலு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சின்னத் தொட்டிக்கான பம்புகள் அந்த ஆழத்தில் திணறிவிடும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். இயலாவிட்டால் காற்றுக் குழாயில் திரும்பா வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். இல்லையேல் மின்சாரம் தடைப்படும் நேரத்தில் நீர் குழாய்வழியே பின்னோக்கி வந்து பம்புக்குள் இறங்கிவிடும். இந்தச் சாதனங்கள் செருகப்படும் இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பின் கீழ் இருக்க வேண்டும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மிச்சம் பிடித்த பணத்தை, உடலுக்கு மேலே நுரை ஏறிச் சேகரிப்புக் கிண்ணத்தில் வழியும் குறுகிய கழுத்தில் செலவிடுங்கள். உடல் வெள்ளைக் குழாயாகவே இருக்கட்டும். கழுத்து மட்டும் 50 மி.மீ. தெளிவான அக்ரிலிக் குழாயாக, 15 செ.மீ. உயரத்துக்கு இருக்கட்டும். உடலிலிருந்து கழுத்துக்குக் குறுகும் இடம் தட்டையான தோள் போல இல்லாமல் சரிவாக இருந்தால், நுரை ஓரத்தில் தேங்கி உடையாமல் ஒரே சீராக ஏறும். நான் முதலில் கட்டியதில் கழுத்தையும் வெள்ளைக் குழாயிலேயே வைத்துவிட்டேன். உள்ளே நுரை எங்கே நிற்கிறது என்று தெரியாமல், இரண்டு வாரம் வால்வைத் திருகிக்கொண்டே இருந்தேன். கண்ணால் பார்க்க முடிந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை அது.

இன்னொன்று. ஹார்ட்வேர் கடையில் பித்தளை இணைப்புகள் அழகாகவும் உறுதியாகவும் கிடைக்கும். ஆனால் அவற்றில் எதையும் வாங்காதீர்கள். பித்தளையில் உள்ள செம்பு உப்புநீரில் சிறிது சிறிதாகக் கரைந்து பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும்.

அக்ரிலிக் குழாயையும் தகட்டையும் ஒட்டினேன். மறுநாள் ஒட்டிய இடத்தைச் சுற்றிலும் மெல்லிய கீறல்கள் வலை போல் ஓடியிருந்தன. பசை கெட்டுப்போனதா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பசையின் மீது தவறு இருக்காது. அக்ரிலிக்கில் அச்சில் வார்த்தது, இயந்திரத்தில் பிதுக்கி எடுத்தது என்று இரண்டு வகை உண்டு. பிதுக்கி எடுத்ததில் உள்ளிறுக்கம் தங்கியிருக்கும். அறுத்த சூட்டில் அது இன்னும் கூடும். அதன்மேல் கரைப்பான் பட்டவுடன் அந்த இறுக்கம் கீறலாக வெடித்து வெளிவரும். வாங்கும்போதே வார்த்த அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்கள், கூர்மையான பல்லுள்ள வாளால் சூடேறாமல் மெதுவாக அறுங்கள், அறுத்த விளிம்பைச் சுரண்டி மட்டமாக்கிய பிறகே ஒட்டுங்கள்.

அக்ரிலிக்கை இணைப்பது உண்மையில் ஒட்டுவது அன்று. டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானை ஊசி வழியே இடுக்கில் விட்டால், இரு பக்கமும் சற்றே உருகி ஒன்றோடொன்று கலந்து இறுகும். அந்தக் கரைப்பானின் ஆவி உடலுக்குக் கெடுதலானது. மெல்லிய ரப்பர் கையுறையையும் எளிதில் ஊடுருவிவிடும். ஆகவே குளிர்சாதன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள், காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் செய்யுங்கள். சிலிக்கோனை நம்பி அக்ரிலிக்கை இணைக்க வேண்டாம். கண்ணாடியில் பிடிப்பது போல அது அக்ரிலிக்கில் பிடிக்காது. வெள்ளைக் குழாயும் அக்ரிலிக்கும் சேரும் இடத்தை ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் வைத்துச் செருகுவதாக அமைத்துவிட்டால், கழுத்தைக் கழற்றிக் கழுவவும் வசதியாக இருக்கும். எல்லாம் இறுகியபின் ஒரு நாள் முழுவதும் குழாய்த் தண்ணீரை நிரப்பி வீட்டுக்கு வெளியே நிறுத்திப் பாருங்கள். கசிவு அங்கேயே தெரிந்துவிடும்.

அரோவானா தொட்டிக்கும் இதையே கட்டி வைக்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

வேண்டாம். அரோவானா நன்னீர் மீன். உப்புநீரில் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் சிறியனவாகவே நிற்கும். நன்னீரில் அவை உடனே இணைந்து பெருத்துவிடும். பெரிய குமிழிகள் நிலையான நுரையாகத் திரளா. அந்தப் பணத்தை நல்ல உயிரியல் வடிகட்டிக்குச் செலவிடுங்கள்.

ஸ்கிம்மரைக் கட்டி நான்கு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் கிண்ணம் நிரம்பி வழிந்தது. நேற்று மீனுக்குத் தீனி போட்டதும் நுரை அறவே அடங்கிவிட்டது. எங்கே பிழை?
– வாசகர், ஜெலுத்தோங்

பிழை எதுவும் இல்லை, பொறுமைதான் வேண்டும். புதிய குழாயிலும் இணைப்புகளிலும் உற்பத்தியின்போது படிந்த பூச்சுகள் இருக்கும். அவை கழுவப்பட்டு, உட்சுவரில் மெல்லிய உயிர்ப்படலம் உருவாக ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். அதுவரை நுரை ஒரு நாள் பொங்கும், மறுநாள் படுத்துவிடும். தொட்டிக்குள் பவளத்தை ஒட்ட எப்பாக்சிப் பசைமாவைப் பயன்படுத்தினாலும், குளோரினை நீக்கும் சில திரவங்களை ஊற்றினாலும் கிண்ணம் இப்படித்தான் வழியும்.

தீனி போட்டதும் அடங்கியதற்குக் கொழுப்பே காரணம். எண்ணெய்ப் பசையுள்ள தீனி குமிழியின் சுவரை உடைத்துவிடும். சில மணி நேரத்தில் தானாகச் சரியாகும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையை நன்றாகக் கழுவாமல் தொட்டிக்குள் விட்டாலும் இதே கதைதான். என் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் நுரை படுத்துவிடுவதன் காரணத்தை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

கழுத்தின் உட்புறத்தில் பழுப்பாகப் படியும் பிசுக்கை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், சோப்பு வேண்டாம். அந்தப் பிசுக்கு தடித்துவிட்டால் நுரை அதைத் தாண்டி ஏறாது. தீனிக்காக வால்வைத் திருகி நீர்மட்டத்தை உயர்த்தினால், இரவில் கொழுப்பு தீர்ந்து நுரை பொங்கும்போது கிண்ணம் வழிந்துவிடும். ஒரு முறை அப்படி வழிந்து, கறுத்த தேநீர் போன்ற அந்த நீர் தரையெல்லாம் பரவி, அதன் வாடை போக நான்கு நாளாயிற்று. மட்டத்தை ஒரு முறை அமைத்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் கைவைக்காமல் இருங்கள்.

ஸ்கிம்மர் நன்றாக வேலை செய்கிறது. இனி நீர் மாற்றுவதை நிறுத்திவிடலாமா?
– வாசகர், சுங்கை பட்டாணி

நிறுத்த வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன், 2009-இல் வெளியிட்ட ஆய்வில் பலவகை ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். நீரில் உள்ள மொத்தக் கரிமப் பொருளில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதத்தைத்தான் அவை நீக்கின. மீதமுள்ளவை குமிழியில் ஒட்டும் இயல்பில்லாதவை. எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அவை நீரிலேயே இருக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உருவாகிவிட்ட பின் அவற்றை நேரடியாகப் பிடிக்க ஸ்கிம்மரால் இயலாது. கால்சியத்தையும் பிற கனிமங்களையும் ஈடுசெய்யவும் புது உப்புநீர் வேண்டும்.

அப்படியானால் ஸ்கிம்மர் எதற்கு என்று கேட்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் அதன் இன்னொரு பயன் மிகப் பெரியது. 25 பாகை செல்சியசில் கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 30 பாகையில் அது 6.2 மில்லிகிராமாகக் குறையும். குளிரூட்டி இல்லாத தொட்டியில் இரவு முழுவதும் காற்றைக் கலந்துகொண்டிருக்கும் ஸ்கிம்மர், மீன்களுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சென்ற மாதம் எங்கள் அடுக்குமாடியில் டிங்கிக் கொசுவை ஒழிக்கப் புகை அடித்தார்கள். மறுநாள் காலையில் தொட்டியிலிருந்த இறால்கள் எல்லாம் இறந்து கிடந்தன, மீன்கள் பிழைத்துக்கொண்டன. இதற்கும் ஸ்கிம்மருக்கும் தொடர்பு இருக்குமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். தொடர்பு இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. இதைப் பினாங்கில் தொட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதாலேயே உங்கள் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன். கொசுப்புகையில் கலக்கும் மாலத்தியானும் பைரெத்ராய்டு வகை மருந்துகளும் பூச்சிகளின் நரம்பைத் தாக்குபவை. இறாலும் நண்டும் பூச்சிகளுக்கு நெருங்கிய உறவு. மீன்கள் தாங்கும் அளவைக்கூட அவை தாங்கா. ஸ்கிம்மர் மணிக்கு 300 லிட்டர் காற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் அந்த அளவு அறைக்காற்றை நுண்குமிழிகளாக்கி உங்கள் தொட்டி நீரில் அது அலசிவிடுகிறது. நீரோடு காற்றை இவ்வளவு நெருக்கமாகக் கலக்கும் கருவி வீட்டில் வேறு எதுவும் இல்லை.

புகை அடிக்கப் போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தால், அந்த நேரத்துக்கு முன்பே சன்னல்களைச் சாத்தி, ஸ்கிம்மரையும் காற்றுப் பம்பையும் நிறுத்துங்கள். தொட்டியின் மேல் உணவு மூடும் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டுங்கள். நீருக்குள் ஓடும் சுழற்சிப் பம்பு மட்டும் ஓடட்டும். புகை கலைந்ததும் சன்னல்களைத் திறந்து வீட்டை நன்றாகக் காற்றாடவிட்டு, பிறகு ஸ்கிம்மரை ஓட்டுங்கள். ஓரிரு மணி நேர நிறுத்தத்தை மீன்கள் நெருக்கமில்லாத தொட்டி தாங்கிக்கொள்ளும். அதன்பின் ஒரு வாரத்துக்குப் புதிய செயலூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) வடிகட்டியைத் தொட்டியில் ஓட்டுங்கள். வீட்டுக்குள் அடிக்கும் கொசு மருந்துக்கும் இதே முறைதான். சாம்பிராணிப் புகையில் பூச்சிமருந்து இல்லை என்றாலும், போடும் அரை மணி நேரம் ஸ்கிம்மரை நிறுத்திவிடுவது என் வழக்கம்.

குளிர்சாதன அறையில் தொட்டி வைத்திருப்பவர்கள், மூடிய அறையில் சேரும் கரியமில வாயுவால் நீரின் பி.எச். குறைவதைத் தவிர்க்க, ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைச் சன்னல் வழியே வெளியே விடுவதுண்டு. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் புகை அடிக்கும் நாளில் அந்தக் குழாய் நஞ்சை நேராக உள்ளே இழுத்துவந்துவிடும். குழாயின் உள்முனையில், எளிதில் கைக்கு எட்டும் இடத்தில், ஒரு சிறு அடைப்பு வால்வைப் பொருத்துங்கள். அந்த வால்வு எதற்கு, எப்போது மூட வேண்டும் என்பதை வீட்டில் உள்ள எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். மாலையில் கொசுப்புகை அடிக்கும் வண்டி வரும்போது நீங்கள் வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டீர்கள்.