ரீப்பர் வயரிங் வீட்டுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு வயது ஐம்பதுக்கு மேல். சுவரில் ரீப்பர் (மரச்சட்டம்) அடித்து, அதன்மேல் ஓட்டிய பழைய வயரிங்; மாற்றவே இல்லை. தீ விபத்துக் காப்பீடு தருவார்களா? தந்தாலும், ஷார்ட் சர்க்யூட் என்றால் கையை விரித்துவிடுவார்களாமே? – வாசகி, காரைக்குடி

பதில்: பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 2021 ஏப்ரல் 1 முதல் விற்றுவரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில், பழைய வயரிங் என்பதற்காகத் தனி விலக்கு ஏதும் இல்லை. ஷார்ட் சர்க்யூட்டால் தீப்பிடித்தாலும் இழப்பீடு உண்டு. விலக்கு எங்கே என்றால், ஷார்ட் ஆன அந்த ஒரு பொருளுக்கு மட்டும். ஃப்ரிட்ஜில் ஷார்ட் ஆகி, தீ அலமாரிக்கும் கூரைக்கும் பரவினால் அலமாரிக்கும் கூரைக்கும் பணம் வரும்; ஃப்ரிட்ஜுக்கு வராது. நீங்கள் கேள்விப்பட்டது இந்தப் பாதிக் கதையைத்தான்.

காப்பீட்டுத் தொகையில் மனையின் மதிப்பு சேராது. கார்பெட் ஏரியாவை (சுவர்களுக்குள் புழங்கும் தரைப் பரப்பை) இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கிப் போடுவார்கள். வீட்டுச் சாமான்களுக்கு அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், தானாகவே சேரும். விண்ணப்பத்தில் வீடு கட்டிய வருஷத்தை மட்டும் குறைத்து எழுதாதீர்கள். க்ளெய்ம் சிக்கலாவது அங்கேதான். விபத்து நடந்தால் உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை கருகிய போர்டைக் கழற்றி எறியக் கூடாது. தீயணைப்புத் துறையின் அறிக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

கேள்வி: தேக்கு ரீப்பரில் கிளிப் அடித்த பழைய வயரிங். ஏ.சி. வைத்ததும் பியூஸ் அடிக்கடி போனது. எலெக்ட்ரீஷியன் கனமான கம்பி கட்டிக் கொடுத்தார், இப்போது போவதில்லை. இப்படியே விடலாமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: கூடாது. பியூஸ் போனபோது அது தன் வேலையைச் செய்தது. இப்போது போகாமல் இருப்பதுதான் கோளாறு.

அந்தக் கால லைட் லைனில் பெரும்பாலும் 3/22 வயர்தான் (22 கேஜ் கம்பி மூன்று சேர்ந்தது) ஓடும். இன்றைய கணக்கில் சுமார் 1.2 சதுர மி.மீ. நாலு பல்பு, இரண்டு ஃபேனுக்காக இழுத்தது. ஒன்றரை டன் ஏ.சி. 7, 8 ஆம்பியர் எடுக்கும். அதே லைனில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் இன்னொரு 4 ஆம்பியர். ஃப்ளெக்சிபிள் வயரிலிருந்து நாலைந்து இழையை உருவி முறுக்கி பியூஸ் கட்டையில் கட்டிவிட்டால், சுவரில் ஓடும் வயர் உருகினாலும் அந்தக் கம்பி அசையாது.

மெயினை அணைத்துவிட்டு ஒரு சுவிட்ச் போர்டைத் திறக்கச் சொல்லுங்கள். வயரை லேசாக வளைத்ததும் ரப்பர் உறை மொறுமொறுவென்று உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கம்பி வெள்ளையாக இருந்தால் அது அலுமினியமா, ஈயம் பூசிய செம்பா என்று சுரண்டிப் பார்க்க வேண்டும். அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி, இணைப்பு தளர்ந்து சூடேறும். போர்டு அருகே மீன் வாடை அடித்தால் பிளாஸ்டிக் கருகுகிறது என்று அர்த்தம். அடுத்து 500 வோல்ட் மெகர் சோதனை, அதாவது வயர் உறை கரண்டைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று அளப்பது. 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஒட்டுப் போடாமல் வயரையே மாற்றுங்கள்.

மாற்றும்போது லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயரும் 10 ஆம்பியர் எம்சிபியும் (சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5-உம் 16 ஆம்பியரும், ஏ.சி.க்கு டி.பி.யிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) தனியாக 4-உம் 20 ஆம்பியர் ‘சி’ வகை (மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் கரண்டைத் தாங்குவது) எம்சிபியும் போதும். பழைய வயரை அப்படியே விட்டு 32 ஆம்பியர் எம்சிபி போடுவது, கனமான பியூஸ் கம்பிக்குப் புதுச் சட்டை மாட்டுவதுதான்.

கேள்வி: வீட்டில் எர்த்தே இல்லை. மூன்று பின் பிளக்கில் எர்த்தை நியூட்ரலோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆபத்தா? – வாசகர், மதுரை

பதில்: இன்றே பிரியுங்கள். வழியில் நியூட்ரல் அறுந்தால், வாஷிங் மெஷின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். எர்த் குழி போட்டு, ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை வயரைத் தனியாக இழுக்க வேண்டும்.

கேள்வி: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) போட்டோம். விழுந்துகொண்டே இருக்கிறது. பைபாஸ் செய்துவிடலாம் என்கிறார்கள். – வாசகி, திருநெல்வேலி

பதில்: பழைய வீடுகளில் முதல் சந்தேகம் நியூட்ரல் மேல்தான். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல், ஆர்சிசிபிக்கு முன்னால் எடுத்த நியூட்ரலோடு எங்கோ கலந்திருக்கும். அல்லது மேலே சொன்னபடி எர்த்தோடு சேர்ந்திருக்கும். ஒற்றை எம்சிபிகளை அணைத்துப் பார்த்தால் பிடிபடாது, அவை ஃபேஸை மட்டுமே வெட்டும். மெயினை அணைத்து, டி.பி.யில் நியூட்ரல் வயர்களையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சர்க்யூட்டாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதைச் சேர்த்ததும் விழுகிறதோ, கோளாறு அதில்தான்.