கையைக் கழுவித்தானே பை மாற்றினேன்?

கேள்வி: எனக்கு 71 வயது, கானாடுகாத்தான் பக்கம். 44 வருடம் உடன் வாழ்ந்த மனைவிக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் போய், வீட்டிலேயே வயிறு வழி டயாலிசிஸ் நடந்தது. தினமும் நாலு வேளையும் டயாலிசிஸ் திரவப் பையை மாற்றியது நான்தான். வயிற்றில் தொற்று வந்து, குழாயை எடுத்து, ரத்தத்திலும் கிருமி பரவி, ஐந்து மாதத்துக்கு முன் ஐ.சி.யூ.வில் தவறிவிட்டார். என் கை வழியாகத்தான் கிருமி போயிருக்கும் என்ற நினைப்பு தூங்க விடவில்லை. கோவில் வரிக் கணக்கில் தம்பதி என்றால் ஒரு புள்ளி; துணை போனதால் என்னை அரைப்புள்ளியாக எழுதிய பிறகு அங்கே போகவும் மனசு வரவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு வரச் சொல்கிறான் மகன். என்ன செய்ய?

பதில்: ஐயா, உங்களை வதைக்கும் அந்தத் தொற்றையே முதலில் பார்ப்போம். வயிற்று உறைக்குள் கிருமி போகப் பல வழிகள் உண்டு. பையை இணைக்கும்போது கைத்தோலில் இருப்பது உள்ளே போகலாம். குழாய் வெளியே வரும் இடத்தில் தோல் புண்ணாகி, குழாயை ஒட்டியே உள்ளே இறங்கலாம். மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போது குடலிலிருந்தே கசியலாம். இந்தக் கடைசி வழியை எத்தனை தடவை சோப்பு போட்டுக் கை கழுவினாலும் தடுக்க முடியாது.

வயிற்றிலிருந்து வடிந்த நீரை, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். ஈ.கோலை போன்ற குடல் கிருமி என்றிருந்தால் குடலிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தோல் கிருமி என்றிருந்தாலும் கணக்கைப் பாருங்கள். நாலு வேளை என்றால் வருடத்துக்கு 1,460 இணைப்பு. பயிற்சி பெற்ற செவிலியர் கையிலும் இந்தத் தொற்று வருவதுண்டு. சர்க்கரையும் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்த உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே சரிந்திருக்கும். பதிவேடுகளை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. அதோடு மகனையும் கூட்டிக்கொண்டு, கூட்டமில்லாத நேரமாகக் கேட்டு வாங்கிச் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். என்ன கிருமி, எந்த வழியாக வந்திருக்கலாம், ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று நேராகவே கேளுங்கள். அவர் சொல்லும் பதில் வலிக்கலாம். ஆனாலும் ராத்திரியெல்லாம் நீங்களே உங்கள்மேல் நடத்தும் விசாரணையைவிட அது நியாயமாக இருக்கும்.

பை மாற்றிய அந்த நாலு வேளையிலும் உங்களுக்கு இப்போதும் விழிப்புத் தட்டும், கை பரபரக்கும். ஆச்சியோடு சேர்ந்து அந்த வேலையும் போய்விட்டது. நாலையும் ஒரே வாரத்தில் நிரப்பப் பார்க்க வேண்டாம். காலை வேளையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்: ஊருணி வரை ஒரு நடை, வந்ததும் பலகாரம்.

சாப்பாட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் சர்க்கரை இருந்து, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். வேர்த்துக் கை நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஆளில்லாத பெரிய வீட்டில் மயங்கி விழுந்தால் யாருக்கும் தெரியாது. அடுத்து இருக்கும் பங்காளி வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள்.

உங்கள் இருவருக்குமான அறையான இரட்டை வீட்டில் ஆச்சியின் சீர் சாமானுக்குப் பக்கத்தில் டயாலிசிஸ் பெட்டிகள் இன்னும் அடுக்கியிருந்தால் அவற்றை முதலில் வெளியேற்றலாம். பிரிக்காமல், தேதி முடியாமல் இருப்பவை வேறு நோயாளிக்குப் பயன்படுமா என்று டயாலிசிஸ் பிரிவில் கேளுங்கள். தேதி முடிந்த திரவத்தைச் சாக்கடையில் ஊற்றலாம், அது சர்க்கரையும் உப்பும் கலந்த நீர்தான். இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் மூடி மருத்துவமனையில் கொடுங்கள். புடவை, பாத்திரம் பக்கம் இப்போது போக வேண்டாம்.

வீட்டை விற்பது, பாகம் பிரிப்பது, ஊரை விட்டே போவது எல்லாம் ஒரு வருடம் நிற்கட்டும். மகன் வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வாருங்கள், சாவி உங்களிடமே இருக்கட்டும். கோவிலுக்குத் திருவிழா நாளில் போகாமல், கூட்டமில்லாத ஒரு சாயங்காலம் பங்காளி ஒருவரோடு போங்கள். வரிக் கணக்கில் பாதியானது வரி மட்டும்தான். சந்நிதியில் உங்கள் இடம் அப்படியே இருக்கிறது.

வருடம் திரும்பிய பிறகும் தினமும் இதே ஏக்கம் அழுத்தி, எந்த வேலையும் ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நீண்ட துக்கம் என்று அதற்குத் தனிச் சிகிச்சையே உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கேள்வி: அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவர் முகப்பிலிருந்து கூப்பிடுவதாக அம்மா சொல்கிறார். புத்தி பேதலித்துவிட்டதா? – மகள், தேவகோட்டை

பதில்: இல்லை அம்மா. வெகுகாலம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பலருக்கு இப்படிக் கேட்பதுண்டு. மறுத்துப் பேசாமல், "என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். ஆனால் திடீரென்று நாள் கிழமை குழம்பினால், ஆளை மாற்றிச் சொன்னால், அது துக்கத்தால் வந்ததாக இருக்காது. அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போய் ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, சிறுநீரில் தொற்று மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது தூக்க மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.