டிகிரியை விட்டுவிட்டு ஆம்புலன்ஸ் வேலைக்கா? ஓர் அம்மாவுக்கு எழுதிய பதில்

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகன், நம் தம்பி, பி.எஸ்சி. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆம்புலன்ஸ் வேலைக்குப் போகிறேன் என்கிறான், என்ன செய்வது என்று ஆலோசனை கேட்டு வியாழக்கிழமை நீங்களும் அவனும் என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். நீங்கள் கிளம்பும்போது, பேசியதை எழுத்தில் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வீட்டில் அப்பாவுக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்றீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "போயும் போயும் ஆம்புலன்ஸ்ல போறேங்கிறான் சார்" என்று நீங்கள் சொன்னபோது தம்பியின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்த வார்த்தையை இனி வீட்டில் சொல்ல வேண்டாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அன்றிரவு அவன் செய்தது சின்ன வேலை இல்லை. பைக்கிலிருந்து விழுந்த ஒருவர் தலையில் அடிபட்டுக் கிடக்கிறார். சுற்றி நின்றவர்கள் போனில் படம் பிடிக்கிறார்கள். இவன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி, காயத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான். தூக்கி ஆட்டோவில் போட்டுவிடலாம் என்று இரண்டு பேர் வந்தபோது, கழுத்து அசையக் கூடாது என்று தடுத்திருக்கிறான். இதெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். முதலாம் ஆண்டு என்.எஸ்.எஸ். முகாமில் ஒரு மணி நேரம் சொன்னார்களாம். அப்போது கேட்டது ரத்தத்தைப் பார்த்த நேரத்தில் கைக்கு வந்திருக்கிறது பாருங்கள். அது எல்லாருக்கும் வருவதில்லை.

108 வண்டியிலிருந்து இறங்கிய அக்காவைப் பற்றித்தான் அவன் என்னிடம் அதிகம் பேசினான். அவர் வந்து முட்டி போட்டு உட்கார்ந்ததும் கூட்டம் தானாக விலகியதாம். கழுத்துக்குப் பட்டை மாட்டினார், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் பொருத்தினார், "பேர் சொல்லுங்கண்ணா, கண்ணைத் திறங்க" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நடுவில் இவன் பக்கம் திரும்பி, "கையை எடுத்துடாத தம்பி, நான் சொல்றப்ப எடு" என்றாராம். இதை மூன்று தடவை சொன்னான். அந்த நிமிஷத்தில்தான் அவன் மனசு முடிவு எடுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் அந்த அக்கா என்ன படித்துவிட்டு அந்த வண்டியில் ஏறினார் என்று தம்பி யோசிக்கவில்லை. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே அதுதான்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. ஒவ்வொரு வண்டியிலும் பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். மருத்துவ உதவியாளரைத்தான் இ.எம்.டி. என்கிறார்கள். இந்த வேலைக்கு அவ்வப்போது வரும் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளைப் பல வருஷமாக வெட்டி வைத்திருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். என்கிற செவிலியர் படிப்புகள், டி.எம்.எல்.டி. என்கிற மருத்துவ ஆய்வக டிப்ளமோ என்று வரிசையாக வரும். அதற்குப் பிறகு இன்னொரு வரி இருக்கும்: பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம். தம்பி இப்போது படித்துக்கொண்டிருப்பது விலங்கியல். எந்த வேலைக்காகக் கல்லூரியை விடுகிறேன் என்கிறானோ, அந்த வேலைக்குக் கேட்கும் சான்றிதழையே பாதியில் விட்டுவிட்டு வரப் பார்க்கிறான்.

வயது வரம்பு பெரும்பாலும் 19 முதல் 30 வரை. தம்பிக்கு இப்போது 19. மீதி இருக்கிற மூன்று செமஸ்டரையும் முடித்து வெளியே வரும்போது 21. பஸ்ஸைத் தவறவிடுகிற பயமே இதில் இல்லை. தேர்வு முறையும் அவனுக்கு எட்டாதது இல்லை. எழுத்துத் தேர்வு, உடற்கூறு மற்றும் முதலுதவி பற்றிய கேள்விகள், அப்புறம் நேர்முகம். தேர்வானவர்களுக்கு அவர்களே சுமார் 50 நாள் பயிற்சி கொடுக்கிறார்கள். பி.எஸ்சி. விலங்கியலில் விலங்கு உடலியங்கியல் பாடம் மூன்றாம் ஆண்டில்தான் பெரும்பாலும் வரும். இதயம் எப்படித் துடிக்கிறது, மூச்சு எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் அதில்தான். அந்தப் பாடத்துக்கு முன்னால் படிப்பை நிறுத்துவது என்ன கணக்கு?

இனி, கல்லூரியை விட்டுவிட்டுத் தம்பி சேர நினைக்கும் அந்த ஆறு மாத ஆம்புலன்ஸ் பயிற்சி கோர்ஸ். "100% வேலை உறுதி" என்று போட்ட நோட்டீஸைத் தம்பி மடித்துப் பர்ஸில் வைத்திருந்தான். கட்டணம் அறுபதாயிரம். அதற்காக உங்கள் செயினை அடகு வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். வேண்டாம்மா. செயின் கழுத்திலேயே இருக்கட்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் வரும் தொழில்களில் அவசர மருத்துவத் தொழில்நுட்பமும் ஒன்று. அந்தச் சட்டம் ஒருவரைத் துணை மருத்துவத் தொழிலராக ஏற்க, இரண்டிலிருந்து நான்கு ஆண்டுக்குள் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது. ஆறு மாதம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு நாலு மணி நேரம் என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் 600 சொச்சம் மணி நேரம்தான் வரும். குறுகிய காலப் பயிற்சிகள் எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. கையில் ஒரு டிகிரியோ டிப்ளமோவோ இருந்தால், அதன் மேல் இவை சேரும்போது பயன்படும். அடியில் ஒன்றும் இல்லாமல் இது மட்டும் கையில் இருந்தால்தான் கஷ்டம்.

இதை நான் ஏதோ புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஐந்தாறு வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு பையன் என்னிடம் வந்தார். உயிர்வேதியியல், இரண்டாம் ஆண்டு. இதே ஆசை, இதே அவசரம். ஆர்வம் இருக்கிறதே, போகட்டும் என்று நானும் சொல்லிவிட்டேன். தகுதி வரியை அன்று நான் சரியாகப் பார்க்கவில்லை. அவர் கல்லூரியை விட்டார், கோர்ஸ் முடித்தார், சின்னதாக ஒரு தனியார் ஆம்புலன்ஸில் வேலையும் கிடைத்தது. ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்றுவார், ஸ்ட்ரெச்சர் தள்ளுவார், வண்டியைக் கழுவுவார். நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற வேலை அவருக்கு வரவே இல்லை. 108 அறிவிப்பு வந்தபோது போயிருக்கிறார். வரிசையில் நின்று, சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையோடு திரும்பிவிட்டார். பிறகு தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. முடித்தார். அந்தப் பட்டியலில் பி.ஏ. இல்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. தம்பி விஷயத்தில் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுவும் காரணம்.

இன்னொரு வழியையும் தம்பி கேட்டான். விலங்கியலை விட்டுவிட்டு, பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் சேரலாமா என்று. இது நல்ல படிப்பு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. மூன்று வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் மருத்துவமனையில் பயிற்சி. நீட் இல்லாமல், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்து அரசுக் கலந்தாய்வில் இடம் கொடுத்து வருகிறார்கள். தம்பி பிளஸ் டூ முடித்த கையோடு வந்திருந்தால் இதைத்தான் முதலில் எழுதச் சொல்லியிருப்பேன். முதலாம் ஆண்டின் நடுவில் வந்திருந்தாலும் மாறு என்றிருப்பேன். இப்போது மாறினால் முடிக்க இன்னும் நாலரை வருஷம் ஆகும். அவனுடைய இயற்பியல் மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைப்பதும் சந்தேகம். தனியார் கல்லூரி என்றால் செலவு உங்களால் தாங்குகிற அளவில் இருக்காது. இருப்பதை முடிப்பதே சீக்கிரம் போய்ச் சேரும் வழி என்று நான் சொல்வது இதனால்தான்.

அம்மா, ஒன்றை மறைக்கக் கூடாது. நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது தம்பி என்னிடம் ஒரு விஷயம் சொன்னான். உங்களிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை, நீங்களே எழுதிவிடுங்கள் சார் என்று அவனே கேட்டுக்கொண்டான். அவனுக்கு இரண்டு அரியர் இருக்கிறது. ஒன்று அலைடு கெமிஸ்ட்ரி என்கிற துணைப்பாட வேதியியல், இன்னொன்று ஆங்கிலம். ஹால் டிக்கெட் வந்தாலே வயிற்றைப் பிசைகிறது என்றான். கல்லூரியை விடுகிற யோசனையில் பாதி, அந்த ராத்திரி ரோட்டில் பிறந்தது. மீதிப் பாதி இந்த இரண்டு தாளிலிருந்து ஓடுவதற்கு. திட்டாதீர்கள். இரண்டு தாள்தானே, எழுதி முடித்துவிடலாம். பழைய கேள்வித்தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன். வேதியியலுக்கு எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பெரம்பூரிலேயே இருக்கிறார், ஞாயிறு காலையில் சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார். அரியர் நிற்கும்வரை பட்டம் கையில் வராது என்பதால் முதல் வேலை இதுதான்.

அதே சமயம், "முதலில் படி, மற்றதெல்லாம் அப்புறம்" என்று அவனை முழுக்கக் கட்டிப்போட்டால் மனசு விட்டுப்போகும். படித்துக்கொண்டே செய்ய நிறைய இருக்கிறது. எழும்பூரில் செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது. முதலுதவிப் பயிற்சிக்கு அங்கே போய் விசாரிக்கட்டும். அதன் பிறகு பி.எல்.எஸ். என்கிற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி. ஒரே நாளில் முடிந்துவிடும், சான்றிதழ் இரண்டு வருஷம் செல்லும். ஒரு பொம்மையின் மார்பில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்த வேண்டும். முப்பது அழுத்து, இரண்டு மூச்சு. இரண்டு நிமிஷத்தில் வியர்த்து ஊற்றும், முழங்கை மடங்கப் பார்க்கும். அந்த மாதிரி நேரத்தில் கை சோரக் கூடாது என்பதால் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாம் மாடியிலிருந்து கனமான ஒருவரைத் திருப்பம் திருப்பமாக இறக்குவதும் இந்த வேலைதான். கொஞ்சம் இந்தியும் பேசப் பழகட்டும். கட்டட வேலைக்கு வந்தவர்கள் அடிபட்டுக் கிடக்கும்போது, எங்கே வலிக்கிறது என்று அவர்கள் மொழியில் கேட்க முடிந்தால் அது பெரிய உதவி.

சம்பளத்தைப் பற்றி அப்பா கேட்பார். 108 அறிவிப்புகளில் முன்பு மாதம் 15 ஆயிரம் சொச்சம் என்று இருந்தது, பிறகு 20 ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது. பெரிய பணம் இல்லை. 12 மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும், தீபாவளி அன்றும் டூட்டி இருக்கும். அரசு சேவை என்றாலும் ஒப்பந்தத்தின் பேரில் ஒரு நிறுவனம்தான் நடத்துகிறது. ஆகவே இது அரசு வேலை இல்லை. இதை இப்போதே தெரிந்துகொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது. வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

அதோடு முடிந்துவிடுவதும் இல்லை. டிகிரி இருந்தால் நாலைந்து வருஷ அனுபவத்துக்குப் பிறகு மருத்துவமனை நிர்வாகம், பொதுச் சுகாதாரம், பேரிடர் மேலாண்மை என்று மேற்படிப்புக்குப் போகலாம். வளைகுடா நாடுகளுக்குப் போக நினைத்தாலும், அங்கே முதலில் சான்றிதழ் உண்மையா என்று படித்த இடத்திலேயே விசாரிப்பார்கள். பாதியில் நின்ற படிப்பை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போக முடியாது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. தினமும் ரத்தம், சாவு என்று பார்த்தால் பிள்ளை என்ன ஆவான் என்றீர்கள். நியாயமான பயம். காப்பாற்ற முடியாமல் போகிற ராத்திரிகளும் இருக்கும். அன்று அடிபட்டவர் பிழைத்தாரா என்று தம்பிக்கு இதுவரை தெரியாது. அது தெரியாமல் இரண்டு வாரம் தூக்கம் வரவில்லை என்றான். இந்த வேலையில் பெரும்பாலும் அப்படித்தான். மருத்துவமனை வாசலில் ஒப்படைத்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விட வேண்டும், முடிவு தெரியாது. அதைத் தாங்க முடியுமா என்பதற்கு நானோ நீங்களோ பதில் சொல்ல முடியாது. செய்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த பெண் ஒருவர், பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்தவர், வடசென்னையில் 108-இல் இருக்கிறார். இந்த வாரம் அவருக்கு இரவு ஷிப்ட். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டூட்டி முடித்து, வீட்டுக்குப் போகும் வழியில் என் அலுவலகத்துக்கு வருகிறேன் என்றார். தம்பியை எட்டரைக்கு அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் வாருங்கள். அவருடைய அம்மாவும் முதலில் உங்களைப் போலத்தான் பயந்தார்கள், அதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று அவரே சொன்னார். வரும்போது அந்த இரண்டு தாளின் ஹால் டிக்கெட்டையும் தம்பி எடுத்து வரட்டும்.