பியூஸில் வயர் சுற்றலாமா? காருக்குள் மின்சாரம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காருக்கு உள்ளே இருக்கும் சாமான்களைப் பற்றியவை. சார்ஜர், ஏசி, யன்னல் சுவிட்ச், டாஷ்போர்டில் வைக்கும் பிள்ளையார் வரை கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சந்தோஷம். கிளிநொச்சியில் என்னிடம் எரிந்த வயரோடு வரும் கார்களில் அநேகமானவை, கார் வாங்கிய பிறகு நாமாகப் பூட்டிய ஏதோ ஒன்றால் எரிந்தவைதான்.

அண்ணா, என்னுடைய வாகன் ஆர் காரில் போன் சார்ஜர் குத்தும் சொக்கற்றின் பியூஸ் மாதத்தில் இரண்டு தரம் போனது. ஒரு கராஜில் பழைய பியூஸிலேயே வயர் சுற்றித் தந்தார்கள். அதற்குப் பிறகு போகவில்லை. இப்படியே விடலாமா?
மல்லாவி வாசகர்

விட வேண்டாம் தம்பி. இன்றைக்கே கழற்றுங்கள், கழற்றும்வரை அந்தச் சொக்கற்றில் எதையும் குத்தாதீர்கள்.

பியூஸ் இருப்பது சார்ஜரைக் காப்பாற்ற என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது காப்பது டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் வயரை. அந்த வயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால், வயர் சூடாகி மேல் உறை உருக முன்னமே பியூஸுக்குள் இருக்கும் மெல்லிய தகடு உருகி வழியை வெட்டிவிட வேண்டும். நீங்கள் அதில் செம்புக் கம்பி சுற்றிவிட்டால் அடுத்த தரம் உருகப்போவது வயர்தான், அதுவும் கைக்கு எட்டாத இடத்தில், பிளாஸ்ரிக்குக்கும் பஞ்சுக்கும் நடுவில், ஒருவேளை நீங்கள் பிள்ளைகளோடு மாங்குளம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு வான் வந்தது. பியூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் கடதாசி சுற்றியிருந்தார்கள். உள்ளே பெருவிரல் தடிப்பில் ஒரு வயர்க் கட்டு முழுதாக உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தது. ஓட்டியவர் வாசம் வந்த உடனே நிறுத்தி, இறங்கி, பற்றறி வயரைக் கழற்றியதால் வானும் அதில் இருந்தவர்களும் தப்பினார்கள். அந்த வயர்க் கட்டை மாற்ற மூன்று நாள் எடுத்தது.

சரி, உங்கள் பியூஸ் ஏன் போகிறது? முதலில் திறப்பை எடுத்துவிட்டு, டோர்ச் அடித்துச் சொக்கற்றுக்குள் பாருங்கள். நான் அதற்குள்ளிருந்து எடுத்த நாணயங்களுக்குக் கணக்கில்லை, பக்கத்தில் சில்லறை போடும் குழி இருப்பதால் தவறி விழுந்துவிடும். நாணயம் நடுமுனையையும் சுற்றுச் சுவரையும் சேர்த்துத் தொட்டால் அந்த நொடியே பியூஸ் போகும். நாணயம் இல்லையென்றால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள், மலிவு சார்ஜர்களின் உள்ளே இருக்கும் வேலை சில நேரம் மிக மோசம். அதற்கும் போனால் வயர் எங்கோ உடம்புத் தகட்டில் உரசுகிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. வயல் பக்கம் நிறுத்தும் கார்களில் எலி கடித்த வயரை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

புதுப் பியூஸ் போடும்போது நிறத்தைப் பாருங்கள். சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நீலம் இருந்த இடத்துக்கு நீலம்தான். பெரிதாகப் போட்டால் போகாது என்று யாராவது சொன்னால், அதுவும் வயர் சுற்றின கதைதான்.

டாஷ்கேமரா, பெரிய ஸ்பீக்கர், மேலதிக லைற் பூட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பற்றறியிலிருந்து நேரே வயர் இழுத்தால், பற்றறிக்குக் கிட்டவே அந்த வயருக்கென்று தனிப் பியூஸ் இருக்க வேண்டும். வயர் மூட்டுகளை வெறும் ஒட்டு ரேப் சுற்றி விடாதீர்கள், எங்கள் வெயிலுக்கு அந்தப் பசை இளகி ஒரு வருடத்தில் கழன்றுவிடும். டாஷ்கேமரா வயரை முன்கண்ணாடியின் பக்கத் தூணுக்குள் செருகும்போது அங்கே எயார்பேக் (மோதினால் ஊதி விரியும் காற்றுப்பை) இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள். மஞ்சள் உறை போட்ட வயரும் மஞ்சள் இணைப்பும் எயார்பேக்குக்கு உரியவை, அவற்றில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோவிலுக்குப் போய் இரவு அங்கேயே நிற்போம். கைக்குழந்தை இருக்கிறது. இன்வேட்டர் வாங்கிக் காரிலேயே கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைக்கலாமா?
ஒரு தாய், பரந்தன்

முடியாது தங்கச்சி. கணக்கைப் பாருங்கள். வீட்டுக் கேத்தல் 1500 வாற்ஸ் என்றால், 12 வோல்ற் பற்றறியிலிருந்து அதற்கு 125 அம்பியர் வேண்டும், பற்றறி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் அந்த இன்வேட்டரில் வீணாவது வேறு. சொக்கற்று மூடியில் பெரும்பாலும் 120 வாற்ஸ் என்று எழுதியிருக்கும், அதாவது 10 அம்பியர். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஓல்ரனேற்றர், சின்னக் காரில் முழுதாக ஓடினாலும் 125 தராது.

12 வோல்ற் கேத்தல் என்று ஒன்று விற்கிறார்கள். அது 120 வாற்ஸில் அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 20 நிமிடத்துக்கு மேல் எடுக்கும், அதற்குள் அந்தச் சொக்கற்றுச் சூடாகிவிடும், காருக்குள் கொதிதண்ணீரை வைத்திருப்பதோ எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். நல்ல சுடுதண்ணிப் போத்தல் இரண்டு கொண்டுபோங்கள், பால்மாவைத் தனியாக ஒரு சுத்தமான டப்பாவில் அளந்து வையுங்கள். விடியும்வரை போதும்.

சின்ன 150 வாற்ஸ் இன்வேட்டர் லப்டொப்புக்கு ஓகே, ஆனால் எஞ்சின் ஓடும்போது, சொக்கற்றில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாமல். அதைச் சீற்றுக்கு அடியில் காற்றில்லாமல் வைக்காதீர்கள். அதிலிருந்து வருவது வீட்டில் வரும் அதே 230 வோல்ற், பிள்ளைகளின் கை எட்டக்கூடாது.

டாஷ்போர்டில் இடது பக்கம் பிள்ளையார் சிலை ஒட்டியிருக்கிறேன். மகன் கழற்றச் சொல்கிறான். தெய்வக் காரியம், எப்படிக் கழற்றுவது?
முள்ளியவளை வாசகர்

மகன் சொல்வது சரி ஐயா. ஆனால் பிள்ளையாரைக் காரை விட்டு இறக்கச் சொல்லவில்லை, இடத்தைத்தான் மாற்றுகிறோம். இடது பக்கம் டாஷ்போர்டின் மேல் எஸ்.ஆர்.எஸ். எயார்பேக் என்று எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த மூடிக்கு அடியில் எயார்பேக் இருக்கிறது. மோதினால் கண் இமைக்கும் நேரத்தைவிடச் சீக்கிரம் மூடியைப் பிளந்துகொண்டு வரும், மேலே ஒட்டிய பித்தளைச் சிலை பக்கத்தில் இருக்கிறவரின் முகத்துக்குத்தான் போகும். அந்த இடத்தில் இருப்பது அநேகமாக உங்கள் மனைவி.

ஒரு நல்ல நாளில் எடுத்து, நடுவில் ரேடியோவுக்குக் கிட்டத் தட்டையான சின்னப் படமாக ஒட்டிக்கொள்ளுங்கள். ஊதுபத்தி கொளுத்துவதானால் காருக்கு வெளியே. டாஷ்போர்டில் கால் தூக்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் இதை வாசிக்கட்டும், அந்த எயார்பேக் காலையும் விடாது.

கொழும்பிலிருந்து இரவு ஓட்டி வரும்போது முறிகண்டியில் நிறுத்தி ஏசி போட்டு ஒரு மணித்தியாலம் படுப்பேன். ஆபத்தா?
கிளிநொச்சி வாசகர்

படுப்பது மிக நல்லது, நித்திரை தூங்கி ஓட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். பிரச்சினை எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதுதான். சைலன்சரில் எங்காவது ஓட்டை இருந்தால் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு அடியால் உள்ளே வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, நித்திரையில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. எஞ்சினை நிறுத்தி, யன்னல் கண்ணாடிகளை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் படுங்கள். நுளம்புக்கு யன்னலில் மாட்டும் வலை விற்கிறார்கள், வாங்கி வையுங்கள்.

வீட்டில், மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே இருப்பதை நினைக்கவே வேண்டாம். பெற்றோலிலும் பற்றறியிலும் ஓடும் ஹைபிரிட் கார் சத்தமில்லாமல் நிற்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம், பற்றறி குறைந்ததும் அதன் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும்.

கடைக்குப் போகும்போது மூன்று வயது மகளை ஏசியோடு காரில் விடுகிறேன், ஐந்து நிமிடம்தான். மாமியார் ஏசுகிறா.
வவுனியா வாசகி

மாமியின் பக்கம்தான் நானும். வெளியே 27 பாகை இருக்கும் நாளிலேயே மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் கிட்டத்தட்ட 11 பாகை ஏறும். வவுனியாவில் ஓகஸ்ட் மாத வெயில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு பல மடங்கு வேகமாகச் சூடாகும். ஏசி ஓடுகிறது என்பீர்கள். பிள்ளை எழும்பி ஒரு பொத்தானை அழுத்தினால் எஞ்சின் நின்றுவிடும், கியரைத் தள்ளினால் கார் நகரலாம், திறப்பு உள்ளே இருக்கக் கதவு பூட்டுப்பட்டால் கண்ணாடியைத்தான் உடைக்க வேண்டும். யன்னல் சுவிட்சில் முழங்கால் பட்டுக் கண்ணாடி மேலே ஏறிக் கழுத்து நெரிபட்ட பிள்ளைகள் உலகத்தில் பல இடங்களில் இருக்கிறார்கள், தடை பட்டால் தானாக இறங்கும் வசதி பல கார்களில் டிரைவர் பக்க யன்னலுக்கு மட்டும்தான். ஓடும்போதும் யன்னல் பூட்டுப் பொத்தானை அழுத்தியே வையுங்கள். பிள்ளையை எப்போதும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.

அக்வா காரில் பின் சீற்றின் ஓரத்தில் சல்லடை போல ஒன்று இருக்கிறது. அது எதற்கு?
ஒட்டுசுட்டான் வாசகர்

ஹைபிரிட் பற்றறி மூச்சு எடுக்கும் வழி. அதன் மேல் சாரம், பை, தலையணை எதுவும் வைக்காதீர்கள், மூடினால் பற்றறி சூடாகிச் சீக்கிரம் பழுதாகும். கிரவல் ரோட்டுத் தூசி அதில் அடைபடும், முறிகண்டிக் கச்சான் கோதும் அதற்குள் கிடக்கும், சேர்விஸ் செய்யும்போது அதைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். செம்மஞ்சள் நிறத் தடித்த வயர் எங்கே கண்டாலும் தொட வேண்டாம். பழைய அக்வாவின் ஹைபிரிட் பற்றறியே 144 வோல்ற். மழைவெள்ளம் காருக்குள் ஏறியிருந்தால் ஸ்டார்ட் பண்ணாமல், ஹைபிரிட் வேலை தெரிந்தவரை வரச்சொல்லி, கட்டி இழுத்துக்கொண்டு போகாமல் லொறியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.