வரைபடத்தின் அச்சில் 'கோடி' வர என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்காக வாராவாரம் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் இருப்பைப் பைத்தான் நிரல்மொழியில், மேட்பிளாட்லிப் என்ற வரைபடத் தொகுப்பை வைத்து வரைந்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். தரவு கன அடியில் இருக்கிறது. இடப்பக்க அச்சில் 0.0, 0.5, 1.0 என்று 3.5 வரை வருகிறது. மேல் மூலையில் பொடி எழுத்தில் '1ஈ9'. "ஏரியில் மூன்றரை அடிதான் தண்ணீரா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கோடியில் காட்ட வழி உண்டா?

பதில்: உண்டு, இரண்டே வரி வேலை. மூலையில் தெரியும் 1ஈ9 என்பது 10-இன் 9ஆம் அடுக்கு, அதாவது நூறு கோடி. அச்சிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் அதால் பெருக்கிப் படிக்க வேண்டும் என்று நிரல் சொல்கிறது. எண்கள் பத்து லட்சத்தை எட்டிவிட்டாலே மேட்பிளாட்லிப் தானாக இப்படிச் சுருக்கிவிடும். ஆய்வகத்தில் இருப்பவருக்கு இது போதும். கைப்பேசியில் படம் பார்ப்பவர் கண்ணில் அந்த மூலை படவே படாது.

பலரும் சொல்லும் மருந்து, அச்சு எண்களின் வடிவத்தை மாற்றும் டிக்லேபிள்_ஃபார்மேட்டில் ஸ்டைலை 'ப்ளெயின்' ஆக்குவது. செய்தால் 3500000000 என்று நீட்டி முழக்கும். பூஜ்யத்தை யார் எண்ணுவது? உங்களுக்கு அது வேண்டாம்.

சின்னதாக ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அச்சு அதற்கு இரண்டு விஷயங்களைத் தரும்: அளவுக்குறியின் மதிப்பு, அது எத்தனையாவது குறி என்பது. இரண்டாவதை விட்டுவிடலாம். மதிப்பை ஒரு கோடியால் வகுத்து, எழுத்துச் சரமாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஒய் அச்சின் செட்_மேஜர்_ஃபார்மேட்டருக்கு இந்த ஃபங்ஷனைக் கொடுத்துவிடுங்கள். 3.3 பதிப்பு முதல் அப்படியே ஏற்றுக்கொள்ளும். அதற்கு முந்தையது என்றால் ஃபங்க்ஃபார்மேட்டருக்குள் வைத்துத் தர வேண்டும். இனி அச்சில் 0, 50, 100 என்று 350 வரை வரும். அச்சின் தலைப்பில் 'நீர் இருப்பு, கோடி கன அடி' என்று அலகை மறக்காமல் எழுதுங்கள். அலகு இல்லாத எண்தானே இவ்வளவு குழப்பத்தையும் கிளப்பியது.

செட்_ஒய்டிக்லேபிள்ஸில் '50', '100' என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் குறுக்குவழியை மட்டும் தொடவே தொடாதீர்கள். அங்கே எழுத்துகள் வரிசைப்படி ஒட்டப்படுகின்றன, மதிப்போடு அவற்றுக்குத் தொடர்பு கிடையாது. ஏரி வற்றி அச்சின் எல்லை மாறும் வாரத்தில் குறிகள் நகர்ந்துவிடும், பழைய எழுத்துகள் அப்படியே இருக்கும். படம் அழகாகவே இருக்கும், சொல்வது பொய்யாக இருக்கும்.

என்னைக் கேட்டால் கோடியைவிட டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி என்ற அலகு, இன்னும் நல்லது. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது 364.5 கோடி கன அடி, அதாவது 3.645 டி.எம்.சி. சென்னையில் செய்தி படிக்கிறவர்களுக்குப் பழகிய அலகு அது. நூறு கோடியால் வகுத்தால் வந்துவிடும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'தசமம் வேண்டாம்' என்று முழு எண்ணாக வடிவமைத்தால் அச்சில் 0, 0, 1, 2, 2, 2, 3, 4 என்று வரும்! குறிகள் அரை அரையாக ஏறுகின்றன. பைத்தானோ சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கு முழுமையாக்கும். 0.5 பூஜ்யமாகும், 1.5-உம் 2.5-உம் இரண்டாகும். ஆகவே ஒரு தசம இடம் கட்டாயம் வையுங்கள். இல்லையென்றால் மல்டிபிள்லொக்கேட்டர் மூலம் நூறு கோடி இடைவெளியில் குறிகளை நிறுத்துங்கள்.

அடுத்து யாராவது லிட்டரில் கேட்பார்கள். ஒரு கன அடி சுமார் 28.32 லிட்டர். இந்தப் பெருக்கலை ஃபார்மேட்டருக்குள் செய்யாதீர்கள். குறிகள் கன அடிக் கணக்கில் முழு எண்களாகத் தேர்வானவை, லிட்டரில் 1416 கோடி, 2832 கோடி என்று கோணலாக நிற்கும். கோடியும் டி.எம்.சி.யும் பத்தின் அடுக்குகள் என்பதால்தான் அங்கே புள்ளியை நகர்த்துவதோடு வேலை முடிந்தது. லிட்டர் வேண்டுமானால் தரவையே மாற்றி வரையுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் செகண்டரி_ஒய்ஆக்சிஸ் வலப்பக்கம் தனி அச்சு போடும். அதற்கான குறிகளை அதுவே தேர்ந்தெடுக்கும்.

சங்கத்தின் பராமரிப்புக் கணக்கையும் வரைவீர்கள் என்றால் காற்புள்ளி விஷயம் வரும். பைத்தானின் வழக்கமான காற்புள்ளி 1,234,567 என்று மும்மூன்றாகப் பிரிக்கும். நமக்கு வேண்டியது 12,34,567. பேபல் என்ற தொகுப்பின் ஃபார்மேட்_டெசிமலுக்கு இந்திய லொகேலை (மொழி, நாட்டு வழக்கத்துக்கான அமைப்பு) சொன்னால் சரியாகத் தரும். அதையும் அதே ஃபங்ஷனுக்குள் வைத்துவிடலாம். கணினியின் சொந்த லொகேலை நம்பினால், அது நிறுவப்படாத சர்வரில் பிழை காட்டி நின்றுவிடும்.

தண்ணீர் மீட்டர் ரீடிங் 1,00,002-லிருந்து 1,00,010 வரை ஏறுவதை வரைந்தால் அச்சில் 2, 4, 6 என்று வந்து, மூலையில் '+1ஈ5' நிற்கும். இது பெருக்கல் அல்ல, கூட்டல். டிக்லேபிள்_ஃபார்மேட்டில் யூஸ்ஆஃப்செட்டை 'ஃபால்ஸ்' ஆக்கினால் போய்விடும்.

தலைப்பைத் தமிழிலேயே எழுதினால் முதலில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவிக் கொடுங்கள். அப்போதும் பல பதிப்புகளில் 'கோடி' உடைந்து, கொம்பு 'க'வுக்கு வலப்பக்கம் போய் நிற்கும். எழுத்துகளைக் கோத்துத் தரும் வசதி அவற்றில் இல்லை. எம்பிஎல்கெய்ரோவை பேக்எண்டாக (படத்தை வரைந்து தரும் பகுதியாக) வைத்து, எழுத்துகளைக் கோக்கும் ராக்ம் நூலகமும் இருந்தால் சரியாக வரும். அதை நிறுவ நேரமில்லாத வாரத்தில் அச்சில் எண்களை மட்டும் விட்டு, அலகை வாட்ஸ்அப்பில் படத்துக்குக் கீழே தட்டச்சு செய்து அனுப்புங்கள்.